நாளை தவறப்போகும் பெனால்டி

வியாசர்பாடியில் எப்சிபா வீட்டு டி.வி.யில் ‘பந்து அரட்டை’ ஓடிக்கொண்டிருந்தது. பதினோரு வருட நிகழ்ச்சி. முதல் எட்டு வருடம், போன வாரம் சொதப்பிய ஆட்டக்காரர்களைக் கிண்டலடித்தார்கள். இப்போது மூன்று வருடமாக, நாளைக்குச் சொதப்பப் போகிறவர்களைக் கிண்டலடிக்கிறார்கள். அவர்கள் சொன்னது ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை.

இன்று விருந்தினர் நாற்காலியில் எப்சிபாவின் அட்டை உருவம் உட்கார்ந்திருந்தது. நாளை இறுதிப் போட்டியில் அவள் அடிக்கும் பெனால்டி கோல் கம்பத்துக்கு மேலே பறந்து, மைதானத்துக்கு வெளியே டீக்கடை பாய்லரில் போய் விழுவதாக நடித்துக் காட்டினார்கள். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. எப்சிபாவும் சிரித்தாள்.

அம்மா டி.வி.யை அணைத்தாள். “வேற யாரையாவது அடிக்கச் சொல்லுடி. மானம் போவுது.”

“நான்தாம்மா அடிப்பேன். எதிர் டீம் கோல்கீப்பரும் இத்தப் பாத்துனுதானே இருப்பா?”

மறுநாள் பெனால்டி கிடைத்தது. கோல்கீப்பர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றாள். எப்சிபா பந்தைத் தரையோடு மெல்லத் தட்டிவிட்டாள்.

அது வலைக்குள் உருண்டபோது, கோல்கீப்பர் திரும்பி டீக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.