சிவப்புச் சைக்கிளுக்கு வழி

நெடுந்தீவுப் படகு குறிகட்டுவானை விட்டு நகர்கிறது. டீசல் புகைக்குள் வெயில் சாய்ந்து விழுகிறது. லண்டனிலிருந்து வந்திருக்கும் ஜெனீற்றாவின் கையில் தம்பி டிலோன் போனைத் திணிக்கிறான். அதிலிருப்பது அவனே செய்த விளையாட்டு. "நெரிசலுக்குள்ளால காரை வெளியில எடுக்கிற விளையாட்டின்ர கொப்பி தானே இது, கள்ளா!" என்று சிரிக்கிறாள் அக்கா. "எல்லாரும் இதைத்தான் சொல்லினம். நீங்களும் சொன்னா அழிச்சுப்போடுவன்," என்கிறான். அவன் முகத்தில் சிரிப்பில்லை. அவள் திரும்பவும் திரையைப் பார்க்கிறாள். அங்கே கார் இல்லை, ஒரு படகின் தட்டு. காஸ் சிலிண்டர், சீமெந்துப் பை, கட்டிய ஆடு எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு சிவப்புச் சைக்கிள். கரியரில் பச்சை மீன்பெட்டி. செத்துப்போன அப்பாவின் சைக்கிள்! யாழ்ப்பாணம் போய்வரும் அப்பாவுக்காக சின்ன வயதில் இருவரும் தீவின் இறங்குதுறையில் காத்து நின்ற நாட்களில், அதுதான் எப்போதும் கடைசியாக இறங்கும். ஜெனீற்றா திரையில் விரலால் ஆட்டை நகர்த்துகிறாள், சிலிண்டரைத் தள்ளுகிறாள். அலை படகைத் தூக்கிப் போடுகிறது. முகத்தில் தெறித்த உப்புத் தண்ணீரை அவள் துடைக்கவில்லை. கடைசிப் பையும் விலக, வழி திறக்கிறது. சைக்கிளை மட்டும் தொடாமல் போனைத் தம்பியிடம் நீட்டுகிறாள். "அழிக்காதை. நீ இறக்கடா, நான் அப்ப மாதிரியே கரையில நிண்டு பாக்கிறன்."