வாசலில் இரண்டு ஹாரன்

"பழைய போன் ஒண்ணு வெச்சிருப்பியே இளா, அதையும் எடுத்துக்கிட்டு வா."

இளவேனிலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணமாகி நாலு மாதத்தில் செங்குட்டுவன் அவளிடம் எதையும் கேட்டு வாங்கியதில்லை. இப்போது கேட்கிறான், அவளால் கொடுக்கவே முடியாத ஒன்றை.

"அது ஓடாதுங்க" என்றாள்.

"சார்ஜ் போட்டிருந்தியே, பார்த்தேனே?"

அவள் விறுவிறுவென்று அறைக்குள் போய்விட்டாள்.

அந்த போனில்தான் நிலவன் இருந்தான். அவளுடைய முதல் கணவன். மஞ்சள் காமாலையில் அவன் போய் மூன்று வருடமாகிறது. கொஞ்சம் போட்டோக்கள். அப்புறம், கம்பெனி பஸ் ஸ்டாப்பிலிருந்து அவன் அனுப்பிய ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ். "டிபன் பாக்ஸை வெச்சிட்டு வந்துட்டேன் இளா. பஸ் வந்துடுச்சு. நீயே சாப்பிட்டுடு!" அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக் குரலுக்காகவே போனைப் புடவைகளுக்கு அடியில் வைத்துக் காப்பாற்றி வந்தாள்.

எல்லாம் போன வாரம் ஆரம்பித்த வினை. வடலூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நௌஷாத் வந்து, டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டரை நிறுத்தினான். வீட்டிலுள்ள போன், லேப்டாப் எல்லாவற்றிலும் இருப்பது தானாகவே இதிலும் ஒரு காப்பியாக வந்து சேர்ந்துவிடுமாம்.

"நம்ம வீட்டுப் பொருளை எவனோ ஒரு கம்பெனிக்காரன் மெஷின்ல எதுக்குப் போடணும்? நம்ம வீட்டுலயே இருக்கட்டும்" என்றான் செங்குட்டுவன். அனல்மின் நிலைய டவுன்ஷிப்பில் கரண்ட்டுக்கு என்ன குறை? அதுபாட்டுக்கு ராப்பகலாக ஓடும்.

அவள் டீ கொண்டுபோனபோது நௌஷாத் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இந்த சாஃப்ட்வேரையே போட்டுடுங்க. மெஷின் உங்களுது. அதனால வீட்ல யார் என்ன வெச்சிருந்தாலும் நீங்க உட்கார்ந்த இடத்துலயே தொறந்து பார்க்கலாம்."

"ஒண்ணு விடாமயா?"

"ஒண்ணு விடாம!"

செங்குட்டுவன் மோவாயைத் தடவினான். "வேற ஒண்ணு சொன்னியே?"

"அது எதுக்குண்ணே? போடவும் நேரமாவும், மெதுவாத்தான் ஓடும்."

அதற்கு மேல் அங்கே நிற்க அவளால் முடியவில்லை.

அன்றைக்கே எதிர் குவார்ட்டர்ஸ் அன்புக்கரசியிடம் போய்ப் புலம்பினாள். அன்புக்கரசி எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினாள்.

"வேவு பாக்கத்தாண்டி! ஆளு தோரணையே சரியில்ல. மொதல்ல ஒழுங்காத்தான் வூட்டுக்கு வந்துக்கினு இருந்தாரு. இப்ப ஒரு மாசமா பாரு, கேட்டாண்ட வந்ததும் ரெண்டு ஹாரன். அடிச்சிட்டு வண்டி மேலயே குந்திக்கினு இருக்காரு. சாவி பாக்கெட்டுலதான் கெடக்குது. பொண்டாட்டி ஓடியாந்து கதவைத் தொறக்கணுமாம் துரைக்கு!"

நினைத்துப் பார்த்தால் அதுவும் உண்மைதான்.

வருவது வரட்டும் என்று இப்போது போனை எடுத்துக்கொண்டு இளவேனில் அறையிலிருந்து வெளியே வந்தாள்.

"இதை உங்க மெஷின்ல சேர்க்க மாட்டேங்க." போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இதுல என்னோடது சிலது இருக்கு. நீங்க பார்க்கக் கூடாது. கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல."

செங்குட்டுவன் கோபித்துக்கொள்ளவில்லை. எழுந்து அவளுடைய லேப்டாப் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"நீயே உட்காரு. உனக்குன்னு ஒரு ஃபோல்டர் வெச்சிருக்கேன். அதுக்கு ஒரு பாஸ்வேர்ட் போடு. எங்கிட்ட சொல்லாதே."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

அவள் சந்தேகத்தோடுதான் தட்டினாள். ஒயரை மாட்டி, போனில் இருந்ததையெல்லாம் அந்த ஃபோல்டருக்குள் போட்டாள். கொஞ்ச நேரத்தில் பச்சை டிக் வந்தது.

"ஆச்சா? இப்பப் பாரு" என்று அவன் டி.வி. பக்கத்து மெஷினில் உட்கார்ந்து அவள் ஃபோல்டரைத் திறக்கப் பார்த்தான். பாஸ்வேர்ட் கேட்டது. என்னென்னவோ அடித்தான். திறக்கவில்லை. அதில் அவனுக்கு ஏக சந்தோஷம்.

"மெஷின் என்னுதுதான். ஆனா நீ பூட்டினதை என்னால தொறக்க முடியாது. நௌஷாத்தாலயும் முடியாது. பாஸ்வேர்டை மட்டும் மறந்துடாதே, அப்புறம் உன்னாலயும் முடியாது."

"எல்லாத்தையும் நீங்க பார்க்கலாம்னு அவர் சொன்னாரே?"

"அதனாலதான் அது வேணாம்னுட்டேன். இது ரெண்டாவதா சொன்னது. மெதுவாத்தான் ஓடும், ஓடட்டுமே."

இளவேனில் அவனையே பார்த்தாள். இந்த மனுஷனையா சந்தேகப்பட்டோம் என்று கூசியது.

"இதுல என்ன இருக்குன்னு உங்களுக்கு..."

அவன் அந்த போனை மெல்லத் திருப்பிக் காட்டினான். "பேட்டரி உப்பி, பின்மூடியே மூட மாட்டேங்குது. இனிமே எத்தனை நாளைக்குத் தாங்கும்? நிலவன் குரல் இது ஒண்ணுலதானே இருக்கு?"

அவளுக்குக் கண்கள் நிறைந்துவிட்டன. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன மாசம் ஒருநாள் ஷிப்ட் முடிஞ்சு சத்தமில்லாம உள்ளே வந்துட்டேன். நீ அந்தக் குரலைக் கேட்டுக்கிட்டு இருந்தே. என்னைப் பார்த்தா பதறிப்போய் போனை அணைச்சிடுவியேன்னு அப்படியே வெளியே போயிட்டேன்" என்றான் செங்குட்டுவன். "அன்னியிலேருந்துதான் வாசல்லயே ஹாரன் அடிச்சிட்டு, கொஞ்சம் பொறுத்து வர்றேன்."