அவுட்பாஸ்

"வீட்டுக்காரிக்கு நெஞ்சுவலி. படுத்த படுக்கையாக் கெடக்கா. புள்ளையை உடனே அனுப்புங்க, வார்டனம்மா."

கேட்டுக்கு வெளியே நின்று மாயகிருஷ்ணன் கையெடுத்துக் கும்பிட்டது, மாடி ஜன்னலில் நின்ற இசக்கிசெல்விக்கு நன்றாகத் தெரிந்தது. அப்பா யாரையும் அப்படிக் கும்பிட்டு அவள் பார்த்ததில்லை.

ரெண்டு ரெண்டு படியாகத் தாவி இறங்கி ஓடி வந்தாள்.

"அப்பா! அம்மாவுக்கு என்னப்பா?"

"நேத்து ராத்திரி பிடிச்ச வலி தாயி. ஒன்னையவே கேக்கா. கெளம்பு."

வார்டன் கல்யாணசுந்தரி நடுவில் வந்து நின்றாள்.

"அவுட்பாஸ் இல்லாம யாரையும் அனுப்ப முடியாது, அண்ணாச்சி. பரீட்சை முடியிற வரைக்கும் யாருக்கும் அவுட்பாஸ் கிடையாது."

"பெத்த தாய் கெடக்காம்மா!"

"ஆஸ்பத்திரியில சேருங்க. இவ வந்து என்ன வைத்தியமா பார்க்கப் போறா?"

இசக்கிசெல்வி அப்பா முன்னாலேயே அழ ஆரம்பித்தாள்.

கோவில்பட்டிப் பக்கம் பெண்களுக்கென்று ஹாஸ்டலோடு வந்த முதல் கல்லூரி. ஆரம்பித்து மூன்று வருஷம்தான் ஆகிறது. இசக்கிசெல்வி முதல் செட். நாகலாபுரம் பக்கத்துக் கரிசல்காட்டிலிருந்து பி.எஸ்சி. வரைக்கும் வந்த ஒரே பெண். திங்கட்கிழமை கடைசி வருஷப் பரீட்சை ஆரம்பம்.

மூன்று வருஷமும் கல்யாணசுந்தரி போட்டதுதான் சட்டம். அஞ்சு மணிக்கு மணி. குளிக்க ஆளுக்கு ரெண்டு வாளித் தண்ணீர். வருகிற கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை தவிர யாரும் பார்க்க வரக் கூடாது. பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ஜெயிலரம்மா.

"மேடம், ஒரே ஒரு நாள். போயிட்டு நாளைக்கே வந்துருதேன்."

"ரூமுக்குப் போ."

வாட்ச்மேன் கேட்டைப் பூட்டினார்.

மாயகிருஷ்ணன் போகவில்லை. எதிரே வேப்பமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இசக்கிசெல்வியால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். புத்தகத்தை எடுத்தாள், வைத்தாள். ரோட்டில் பஸ் ஹாரன் கேட்கிற போதெல்லாம் ஜன்னலுக்கு ஓடினாள்.

"ஊருக்குப் போன் போட்டுக் கேளேன்ட்டி" என்றாள் அறைத்தோழி உமாதேவி.

ஊரில் தபாலாபீஸில் ஒரு போன் உண்டு. ஓடினாள். ஆபீஸ் ரூமில் போன் பெட்டி பூட்டிக் கிடந்தது. சாவி வார்டன் இடுப்பில்.

"போன் ரிப்பேர்" என்றாள் கல்யாணசுந்தரி, தலையை நிமிர்த்தாமலே.

"காலையில பேசுனீங்களே மேடம்!"

"இப்போ ரிப்பேர்."

சாப்பாட்டு மணி அடித்தது. தட்டை எடுக்கவே அவளுக்குக் கை வரவில்லை. 'இந்நேரம் அம்மா கண்ணை மூடியிருந்தால்?'

நாலு மணிக்கு விளாத்திகுளம் பஸ் வந்து நின்றது. மாயகிருஷ்ணன் எழுந்து துண்டை உதறினார்.

"நீங்கள்லாம் ஒரு பொம்பளையா? நல்லாருப்பீயளா?" என்று கேட்டைப் பார்த்துக் கத்திவிட்டு ஏறிக்கொண்டார்.

அவ்வளவுதான். இசக்கிசெல்வி பையில் நாலு துணியைத் திணித்துக்கொண்டு விறுவிறுவென்று கேட்டுக்கு வந்தாள். பின்னாலேயே பிள்ளைகள் கூட்டம்.

"கேட்டைத் திறங்க. இல்லைன்னா சுவரேறிக் குதிப்பேன். டிசியைக் குடுங்க. எனக்குப் பரீட்சையும் வேண்டாம், டிகிரியும் வேண்டாம். எங்கம்மாவுக்கு ஒண்ணு ஆச்சு, ஒங்களைச் சும்மா விட மாட்டேன்!"

அந்த ஹாஸ்டலில் யாரும் கல்யாணசுந்தரியிடம் அப்படிப் பேசியதில்லை.

கல்யாணசுந்தரி வாட்ச்மேனைப் பார்த்தாள்.

"பஸ் போயிருச்சா?"

"விலக்கு ரோட்டையே தாண்டிருச்சும்மா."

"நல்லாப் பார்த்தீரா?"

"பார்த்தேன்மா. அவர் எறங்கல."

கல்யாணசுந்தரி பிள்ளைகளை ஒரு பார்வை பார்த்தாள். கூட்டம் கலைந்தது. இசக்கிசெல்வியின் கையைப் பிடித்துத் தன் அறைக்கு இழுத்துப் போனாள். வெளிப்பூட்டைத் திறந்தாள்.

உள்ளே, வார்டனின் கட்டிலில் ஒட்டி ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள் அம்மா சீனித்தாய்.

"அவிய போயிட்டாவளா?"

இசக்கிசெல்வி ஓடிப்போய் அம்மாவின் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லட்டி. ஞாயித்துக்கிழமை ஒனக்கு நிச்சயம் வச்சிருக்காவ. பரீட்சை முடியுத வரைக்கும் மாப்பிள்ளை வீட்டுக்காரவிய பொறுக்க மாட்டாவளாம். வந்தா ஒன்னையத் திரும்பப் படிக்க விட மாட்டாவ. எனக்கு நெஞ்சுவலின்னு சொல்லி ஒன்னையக் கூட்டியாரப் போறதா ஒங்கப்பா அவிய தம்பிகிட்ட பேசுனதைக் கேட்டேன். பருத்தி எடுக்கப் போறேன்னு சொல்லிட்டு மொத பஸ்ஸுல ஏறி வந்து இந்தம்மா காலைப் பிடிச்சேன்."

இசக்கிசெல்வி வார்டன் பக்கம் திரும்பினாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மேடம்?"

"சொல்லியிருந்தா, அப்பா முன்னாடி இப்படி அழுதிருப்பியா? மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சிருப்பார். அப்புறம் வீட்டுல அடி யாருக்கு?"

சீனித்தாய் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வாசல் வரை போனவள், திரும்பி வந்து மகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"நாளைக்கும் வருவாவ. வேற ஏதாச்சும் சொல்லுவாவ. நான் செத்துட்டேன்னு சேதி வந்தாலும், பரீட்சையை எழுதிட்டு வாட்டி."