திருத்தச் சொன்ன குரல்

மாணவர்கள் கட்டுரையைத் திருத்தி எழுதும் முன் அவர்களைத் தனித்தனியே உட்காரவைத்துப் பேசும் வேலை இப்போது கோமதி மேடத்துக்கு இல்லை. இருபது வருடம் அவர் அப்படிப் பேசியதையெல்லாம் ஒலிப்பதிவிலிருந்து எடுத்து, கல்லூரி ஒரு கணினிக் குரலைச் செய்திருந்தது. அது பேசியது. அவர் மதிப்பெண் மட்டும் போட்டார்.

இந்த முறை முதல் பிரதிகளில் உப்பளம், பரோட்டாக் கடை, கபடி என்று என்னென்னவோ இருந்தன. திருத்தி வந்த நாற்பத்தொன்றிலும் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டில் நுழைந்திருந்தது.

உப்பளத்தைப் பற்றி எழுதிய மெர்லினைக் கூப்பிட்டார்.

"உங்க அப்பா நல்லாத்தானே இருக்காரு? அவரை எதுக்குக் கட்டில்ல போட்டே?"

"அந்தக் குரல்ல நீங்கதானே மேடம், 'அந்த நேரத்துல நீ எங்க இருந்தே'ன்னு கேட்டீங்க. உப்பளத்துலன்னு சொன்னேன். திரும்பத் திரும்ப அதையே கேட்டு அழுதீங்க."

நான்கு வருடத்துக்கு முன் கணவர் ஆஸ்பத்திரியில் இறந்த மத்தியானம், கோமதி இதே நாற்காலியில் ஒரு பையனின் கட்டுரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மூன்று தடவை போன் அடித்தும் எடுக்கவில்லை. அதுவும், பிறகு செய்தி தெரிந்து அவர் அழுததும் பதிவில் இருந்தன.

"அப்புறம்?"

"முன்னாடி பேசிட்டு வந்த பிள்ளைங்க சொன்னாங்க மேடம். 'பக்கத்துலயே இருந்தேன், கையைப் பிடிச்சிருந்தேன்'னு எழுதிட்டா அழுகையை நிறுத்திருவீங்கன்னு."

"நிறுத்துனேனா?"

"நிறுத்துனீங்க." மெர்லின் தலையைக் குனிந்துகொண்டாள். "கொஞ்ச நேரம் கழிச்சு, 'அவரு என்னையத் தேடுனாரா'ன்னு கேட்டீங்க. அதுக்கு என்ன எழுதணும் மேடம்?"