மேடைக்கு முதுகு

காது கேளாதோர் பெருமித விழாவில் சிறப்பு விருந்தினர் பேச எழுந்ததும், சைகையில் மொழிபெயர்க்கும் மரகதவல்லியைச் செயலாளர் மேடையிலிருந்து இறக்கிவிட்டார்.

"ஓரமா நில்லும்மா. நீ கைய ஆட்டுறது ஃபோட்டோவுல குறுக்க விழுது."

ஆளுயர ஒலிபெருக்கிக்குப் பின்னால் நின்றவளை யாராலும் பார்க்க முடியவில்லை. கால் மணி நேரம் விருந்தினரின் வாய் அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த தையற்காரி எஸ்தர், விறுவிறுவென்று கடைசி வரிசைக்குப் பின்னால் போய் ஒரு நாற்காலிமேல் ஏறிக் கைகளால் பேசத் தொடங்கினாள். தோளைத் தட்டித் தட்டிச் சேதி பரவியது. இருநூறு நாற்காலிகளும் அவள் பக்கம் திரும்பின.

"மேடையப் பாருங்க! எல்லாரும் மேடையப் பாருங்க!" என்று செயலாளர் மைக்கில் கத்தினார். ஒருவரும் திரும்பவில்லை. "சவுண்ட ஏத்துய்யா!" என்றார்.

எஸ்தர் மேடையைச் சுட்டிக்காட்டி, முஷ்டியால் தன் நெஞ்சில் இரண்டு முறை குத்தினாள். கூட்டம் முழுவதும் கைகளைத் தூக்கி விரல்களை அசைத்தது. அவர்களுடைய கைதட்டல் அதுதான். விருந்தினர் தனக்கென்று நினைத்துப் பதிலுக்குக் கையசைத்தார்.

செயலாளர் இறங்கி ஓடிவந்தார். "அவ என்னம்மா சொல்றா?"

"அவங்க உங்ககிட்டப் பேசல சார்" என்று சொல்லிவிட்டு, மரகதவல்லி கூட்டத்துக்குள் போய் உட்கார்ந்தாள்.