நாக்பூரில் நிற்போமா?

கோயம்புத்தூரில் ஒரு லாரி டெல்லிக்குப் புறப்படத் தயாராக நின்றது. எந்த வழியாகப் போவது, எங்கே சாப்பிடுவது என்று பேசிக்கொண்டே டிரைவரும் கிளீனரும் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்களை வைத்தார்கள்.

தானும் டெல்லிக்குப் போவதாகவே நினைத்துக்கொண்ட ஒரு பழம் முன் டயரிடம் கேட்டது.

"அண்ணே, நாக்பூர் வழியாத்தானே போறோம்? அங்கே என் சொந்தக்காரங்க ஆரஞ்சுங்க நிறைய இருக்காங்களாம். கொஞ்ச நேரம் நிற்போமா?"

பயணத்துக்கு ஒரு பழம் என்று நசுக்கிப் பழகிய டயருக்கு அன்று உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

"அவங்க இனிப்பு, நீ புளிப்பு. உன்னைச் சேர்த்துக்குவாங்களா?" என்று பேச்சை மாற்றிப் பார்த்தது.

"போங்கண்ணே! வாசல்ல போய் நின்னா சொந்தக்காரனை விரட்டவா செய்வாங்க?"

"சரி, நிற்போம்" என்றது டயர்.

லாரி நகர்ந்தது.

நாக்பூர் வந்தபோது சாலையெல்லாம் ஆரஞ்சு மணத்தது. டிரைவர் வேகத்தைக் குறைக்கவில்லை. டயரின் பள்ளத்தில் ஒரே ஒரு விதை மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

இத்தனை தூரம் பிடித்து வைத்திருந்த காற்றையெல்லாம் டயர் மெல்ல வெளியே விட்டது. லாரி தள்ளாடி, சாலையோரத்து ஈர மண்ணில் இறங்கி நின்றது.

"இறங்கிக்கோ தம்பி" என்றது டயர்.