எட்டாம் மேஜை

சனிக்கிழமை மத்தியானம். டிவியில் கிரிக்கெட் மேட்ச் ஓடிக்கொண்டிருந்ததால் அந்த பாரில் உட்கார இடமில்லை. பீர் வரத் தாமதமானதற்காக எட்டாம் மேஜைக்காரர் ஒரு ஐஸ் கட்டியை எடுத்து, அங்கே பரிமாறும் வேலையில் இருந்த தமயந்தியின் முகத்தில் எறிந்தார். கண்ணுக்குக் கீழே பட்டது. கூட இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள்.

சூப்பர்வைசர் யூஜின் வந்தார். எவ்வளவு கூட்டம் நெருக்கினாலும் குரல் உயராத மனிதர். "சாரி சார், இதோ வந்துடும்" என்று சொல்லிவிட்டு, தரையில் கிடந்த ஐஸைக் குனிந்து எடுத்தார்.

தமயந்தி அவரைக் கவுண்டர் பக்கத்தில் மறித்தாள்.

"நீங்க எதுக்கு சாரி சொன்னீங்க?"

"கூட்டம் குறையட்டும்மா, பேசலாம்."

"போன மாசம் ரெஜினாகிட்டயும் இதையேதான் சொன்னீங்க. அவ வேலையை விட்டே போயிட்டா. உங்க பொறுமையை எல்லாம் எங்க மூஞ்சியை வெச்சுத்தானே சார் காட்டுறீங்க?"

யூஜின் அவள் கண்ணுக்குக் கீழே சிவந்து வீங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். கையில் இருந்த ஐஸ் உருகி அவர் விரல் இடுக்குகளில் வழிந்தது.

பிறகு எட்டாம் மேஜைக்குப் போனார். அதற்குள் வேறொருவர் கொண்டுவந்து வைத்திருந்த நான்கு பீர் கிளாஸ்களையும் ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்து வைத்தார்.

"யோவ், நான் யாருன்னு தெரியுமா?" என்று அந்த ஆள் எழுந்தார்.

"உங்களுக்கு இனிமே இங்க சர்வீஸ் கிடையாது சார். கிளம்புங்க."

அதே தாழ்ந்த குரல்தான். ஆனால் தட்டில் கிளாஸ்கள் ஒன்றோடொன்று மோதி அதிர்ந்துகொண்டே இருந்தன.

தமயந்தி போய் அவர் பக்கத்தில் நின்றாள். தட்டை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை; அதை அவரே சுமக்கட்டும் என்று விட்டாள்.